அத்தியாயம் 7: கன்ட்ரோலருக்கு மாற்று வயர் தேர்ந்தெடுத்தல்

மாதிரி ராக்கெட்டை ஏவும் கன்ட்ரோலரில் முதலில் கெடுவது பெரும்பாலும் வயர்தான். பெட்டிக்குள் சுவிட்சும் சாவியும் பத்திரமாக இருக்கின்றன. வயரோ புல்லிலும் மண்ணிலும் இழுபடுகிறது, காலில் மிதிபடுகிறது, ஒவ்வொரு ஏவலிலும் மோட்டாரின் தீயைத் தன் நுனியில் வாங்கிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவைக்கிறோம். ஓரிரு ஆண்டில் பெட்டியிலிருந்து வெளிவரும் இடத்தில் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக முறிந்துபோகும்.

வயரை மாற்றுவது எளிய வேலை. எந்த வயரை வாங்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கைக்குக் கிடைத்த மெல்லிய ஸ்பீக்கர் வயரைப் போட்டுவிட்டு, ராக்கெட் கிளம்பாதபோது மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரைக் குறை சொல்கிறார்கள். இக்னைட்டருக்கு எவ்வளவு மின்னோட்டம் போய்ச் சேர்கிறது என்று கணக்குப் போட்டு வயரை வாங்குங்கள். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது அதைத்தான். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும்.

வயர் செய்யும் இரண்டு வேலைகள்

முதல் வேலை, பேட்டரியின் மின்சாரத்தை இக்னைட்டருக்குக் கொண்டுசெல்வது. இரண்டாவது, ஏவுபவரை ராக்கெட்டிலிருந்து தள்ளி நிறுத்துவது. அமெரிக்காவில் 1957இல் தொடங்கிய தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகளை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் அடிப்படையாகக் கொள்கிறார்கள். 'டி' வகை மோட்டார் வரை குறைந்தது 15 அடி, அதைவிடப் பெரிய மாதிரி ராக்கெட்டுகளுக்கு 30 அடி தள்ளி நிற்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 4.6, 9.1.

இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. வயர் நீள நீள மின்தடை கூடுகிறது, மின்னோட்டம் குறைகிறது. ராக்கெட் கிளம்பவில்லை என்று வயரை வெட்டிக் குட்டையாக்குபவர் தன் பாதுகாப்பை வெட்டிக்கொள்கிறார். நீளத்தைத் தூரம் தீர்மானிக்கட்டும். மின்னோட்டம் போதவில்லையென்றால் வயரின் தடிமனைக் கூட்டுங்கள்.

விளக்கு எரிந்தால் போதுமா?

சாவியைச் செருகியதும் பெட்டியில் ஒரு சிறு விளக்கு எரியும். சுற்று முழுமையாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அதற்கு மேல் எதற்கும் அது உத்தரவாதமில்லை. விளக்கு எரியத் தேவைப்படும் மின்னோட்டம் மிகக் குறைவு. வயருக்குள் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் விளக்கு எரியும். எஸ்டெஸ் நிறுவனம் விற்பது போன்ற சாதாரண இக்னைட்டர் பற்ற வேண்டுமானால் சுமார் 2 ஆம்பியர் வேண்டும்.

விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் ராக்கெட் அசையவில்லை என்றால் நான்கு இடங்களில் ஒன்றில் குறை இருக்கும்: இக்னைட்டர், அதைக் கவ்வும் கிளிப்பின் பிடி, பேட்டரி, வயர். முதலில் சாவியை எடுங்கள். 60 விநாடி காத்திருந்த பிறகே ராக்கெட்டை அணுகுங்கள். இதுவும் மேலே சொன்ன பாதுகாப்பு விதிகளில் உள்ளதுதான், எந்த அவசரத்திலும் மீறக் கூடாதது. புது இக்னைட்டர், சுத்தமான கிளிப், புது பேட்டரி மூன்றும் போட்டும் கிளம்பவில்லையென்றால் வயரைச் சந்தேகிக்கலாம். இக்னைட்டரைக் கழற்றிவிட்டு, கிளிப்புகளை ஒன்றோடொன்று இணைத்துச் சாவியைச் செருகி, பெட்டியின் வாயிலிலும் கிளிப்புக்கு அருகிலும் வயரை வளைத்துப் பாருங்கள். அங்கே விளக்கு மினுக்கினால் உள்ளே முறிவு இருக்கிறது. உறையைச் சிறிது சீவிப் பார்க்கும்போது செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு ஏறியோ இருந்தால், அந்த வயரை ஒட்டுப் போட்டுக் காப்பாற்ற முயலாதீர்கள். மாற்றிவிடுங்கள்.

கணக்கு

சுற்றில் உள்ள எல்லாத் தடைகளையும் கூட்டுங்கள். பேட்டரியின் வோல்ட்டை அந்தத் தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் மின்னோட்டம். கூட்ட வேண்டியவை நான்கு: பேட்டரியின் உள்தடை, சுவிட்ச் மற்றும் கிளிப்புகளின் தொடர்புத் தடை, இக்னைட்டரின் தடை, வயரின் தடை. வயரைக் கணக்கிடும்போது நீளத்தை இரண்டால் பெருக்க மறக்காதீர்கள். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். 10 மீட்டர் தூரத்துக்கு 20 மீட்டர் செம்பு.

அமெரிக்காவில் வயரின் தடிமனைக் கேஜ் எண்ணில் சொல்கிறார்கள். எண் பெரிதானால் வயர் மெலியும். எண்ணில் மூன்று குறைந்தால் செம்பின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், தடை பாதியாகும். நம் கடைகளில் சதுர மில்லிமீட்டரில் கேட்க வேண்டும், 'ஒரு ஸ்கொயர்', 'ஒன்றரை ஸ்கொயர்' என்று. ஒற்றைச் செம்புக் கம்பியின் ஒரு மீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி செல்சியஸில், தடை இப்படி:

24 கேஜ், 0.20 சதுர மி.மீ.: 0.084 ஓம்
22 கேஜ், 0.33 சதுர மி.மீ.: 0.053 ஓம்
20 கேஜ், 0.52 சதுர மி.மீ.: 0.033 ஓம்
18 கேஜ், 0.82 சதுர மி.மீ.: 0.021 ஓம்
16 கேஜ், 1.31 சதுர மி.மீ.: 0.013 ஓம்
14 கேஜ், 2.08 சதுர மி.மீ.: 0.008 ஓம்
12 கேஜ், 3.31 சதுர மி.மீ.: 0.005 ஓம்

இப்போது ஓர் உதாரணம். கன்ட்ரோலரில் நான்கு ஏஏ அல்கலைன் பேட்டரிகள், மொத்தம் 6 வோல்ட். நான்கின் உள்தடை 0.8 ஓம், சுவிட்சும் கிளிப்பும் 0.2, இக்னைட்டர் 0.7 என்று கொள்வோம். வயரைத் தவிர்த்து 1.7 ஓம்.

5 மீட்டர் நீளமுள்ள 24 கேஜ் வயர் போட்டால் அதன் தடை 0.84 ஓம். மொத்தம் 2.54. மின்னோட்டம் 2.4 ஆம்பியர். வேலை நடக்கும், ஆனால் கையிருப்பு குறைவு.

அதே 24 கேஜை 10 மீட்டருக்கு நீட்டினால் வயரின் தடை 1.68 ஓம். இக்னைட்டரின் தடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மின்னோட்டம் 1.8 ஆம்பியருக்கு இறங்கிவிடும். பேட்டரி புதிதாக இருந்தும் ராக்கெட் ஒரு நேரம் கிளம்பும், ஒரு நேரம் கிளம்பாது.

10 மீட்டருக்கு 18 கேஜ் போட்டால் வயரின் தடை 0.42 ஓம்தான். மின்னோட்டம் 2.8 ஆம்பியர். தூரத்தை இரட்டிப்பாக்கியும் முதல் வயரைவிட அதிக மின்னோட்டம் கிடைக்கிறது.

அப்படியானால் இன்னும் தடிமனாகப் போகலாமா? 14 கேஜில் 3.2 ஆம்பியர், 12 கேஜில் 3.3 ஆம்பியர். 24இலிருந்து 18க்கு வந்தபோது கிடைத்த லாபம் அதற்குப் பிறகு கிடைப்பதில்லை. எஞ்சியிருக்கும் தடை பேட்டரியிலும் இக்னைட்டரிலும் இருக்கிறது. அதை எந்த வயராலும் குறைக்க முடியாது. பேட்டரிகள் பழசாகி அவற்றின் உள்தடை 2 ஓமுக்கு ஏறிவிட்டால் 14 கேஜ் போட்டாலும் மின்னோட்டம் 2 ஆம்பியரை எட்டாது. குளிரிலும் இந்த உள்தடை கூடும். குளிர்காலக் காலையில் ஏவுபவர்கள் கடைசி நேரம் வரை பேட்டரியைச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பது அதனால்தான். வெயிலுக்குச் செம்பின் தடை கொஞ்சம் கூடும். 45 டிகிரியில் சுமார் 10 சதவீதம். அதற்கும் கணக்கில் இடம் விடுங்கள்.

நினைவில் வைக்க ஒரு விதி: போக வர சேர்த்து வயரின் தடை அரை ஓமைத் தாண்டக் கூடாது. 6 வோல்ட் பெட்டியில் 5, 6 மீட்டருக்கு 20 கேஜ் அல்லது 0.75 ஸ்கொயர் போதும். 10 மீட்டருக்கு 18 கேஜ் அல்லது ஒரு ஸ்கொயர்.

12 வோல்ட்டும் கூட்டு மோட்டார்களும்

அடுத்த படிக்குப் போகிறவர்கள் ஏஏ பேட்டரிகளை விட்டுவிட்டு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரிக்கு மாறுகிறார்கள். யுபிஎஸ் பெட்டிகளில் இருக்கும் அதே பேட்டரிதான். இதன் உள்தடை ஓமில் நூற்றில் சில பங்குதான். மேலே சொன்ன 10 மீட்டர் 18 கேஜ் வயரில் இதை இணைத்தால் ஒற்றை இக்னைட்டருக்கு 9 ஆம்பியர் அளவுக்குக் கிடைக்கும்.

வயரின் தரம் உண்மையில் சோதிக்கப்படுவது ஒரே ராக்கெட்டில் பல மோட்டார்களை ஒன்றாகப் பற்றவைக்கும்போது. நான்கு இக்னைட்டர்களைப் பக்க இணைப்பில் கட்டினால் அவற்றின் மொத்தத் தடை 0.175 ஓமாகிவிடும். 10 மீட்டர் 24 கேஜ் வயரில் ஓடுவது மொத்தம் 5.8 ஆம்பியர். நான்காகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை ஆம்பியர்கூட இல்லை. இரண்டு மோட்டார் பற்றி இரண்டு பற்றாமல் ராக்கெட் சாய்ந்து பறப்பது இப்படித்தான் நேர்கிறது. பார்ப்பவர்களுக்கு அது ஆபத்து. அதே இடத்தில் 18 கேஜ் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 3.6 ஆம்பியர். 16 கேஜ் போட்டால் 4.5. கூட்டு மோட்டார் ஏவ நினைப்பவர் 16 கேஜ் அல்லது ஒன்றரை ஸ்கொயருக்குக் கீழே போக வேண்டாம்.

லெட்-ஆசிட் பேட்டரியின் முனைகள் தவறிப்போய் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அதனால் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே 20 ஆம்பியர் பியூஸ் ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள்.

கடையில் எதைக் கேட்பது

பல இழை வயரையே வாங்குங்கள். அழைப்பு மணிக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் விலை மலிவுதான். சுற்றி, விரித்து, மறுபடி சுற்றும் வேலைக்கு அது தாங்காது, ஒரே இடத்தில் வளைந்து வளைந்து முறியும். அமெரிக்கக் கடைகளில் மேசை விளக்குக்குப் போடும் 18 கேஜ் இரட்டை வயரைப் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். இரண்டு கம்பியும் ஒட்டியே இருப்பதால் சிக்காது, நடுவில் கிழித்தால் தேவையான அளவுக்குப் பிரியும். நம் கடைகளில் 'டூ கோர் பிளெக்சிபிள்' என்று கேட்டால் இதற்கு இணையானது கிடைக்கும். வெளியுறை ஒன்றாகவும் உருண்டையாகவும் இருக்கும் வகை மிதிபட்டாலும் தாங்கும். நிறம் புல்லில் மறையாததாக இருக்கட்டும். மஞ்சளோ ஆரஞ்சோ நல்லது. கறுப்பும் பச்சையும் காலை இடறும்.

செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரில் ஏமாறாதீர்கள். மலிவான ஸ்பீக்கர் வயர்களில் இது சாதாரணம். வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். அதே தடிமனில் அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். வளைத்தால் சீக்கிரம் முறியும், ஈயமும் சரியாகப் பிடிக்காது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். வெளியே வெள்ளையாகவும் சுரண்டிய இடம் சிவப்பாகவும் இருந்தால் அது ஈயப்பூச்சுச் செம்பு. களிம்பு ஏறாமல் நெடுநாள் உழைக்கும், தாராளமாக வாங்கலாம்.

வீட்டு எக்ஸ்டென்ஷன் கார்டை வெட்டிப் பயன்படுத்துவதும் நல்ல வழிதான். ஆனால் முதல் வேலையாக அதன் பிளக்கை வெட்டி எறியுங்கள். சுவர் மின்சாரத்தில் செருகக்கூடிய பிளக் ஒரு முனையிலும், திறந்த கிளிப் மறு முனையிலும் இருக்கும் வயர் வீட்டில் இருக்கவே கூடாது. யாரோ ஒரு குழந்தை அதைச் செருகிப் பார்க்கும்.

நுனித் துண்டு

தடிமனான வயரை நேரே இக்னைட்டர் வரை கொண்டுபோகாதீர்கள். அதன் எடை இக்னைட்டரை மோட்டாரிலிருந்து இழுத்துவிடும். அத்துடன் தீ படுவதும் அந்த நுனிதான். பிரதான வயரை ஏவு மேடையின் காலில் கட்டி நிறுத்துங்கள். அங்கிருந்து அரை மீட்டர் நீளத்துக்கு மெல்லிய, வளையும் துண்டு ஒன்றைத் திருகு இணைப்பிலோ செருகு இணைப்பிலோ சேருங்கள். 22 கேஜ் துண்டு போட்டாலும் கூடும் தடை 0.05 ஓம்தான். சிலிக்கோன் உறை போட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். சாதாரண பிவிசி உருகும் வெப்பத்தை அது தாங்கும். தீய்ந்துபோனால் இந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், பிரதான வயர் தப்பிக்கும்.

கரிமருந்து மோட்டாரின் புகையில் கந்தகமும் பொட்டாசியம் உப்புகளும் கலந்திருக்கின்றன. அவை கிளிப்பின் பற்களில் படிந்து அரிக்கும். ஒவ்வொரு சில ஏவல்களுக்கும் ஒருமுறை பற்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். புது வயர் போட்டுப் பெற்ற லாபத்தை அழுக்குக் கிளிப் ஒன்றே தின்றுவிடும்.

மாற்றும் முறை

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பழைய வயர் எந்த முனையில் இணைந்திருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண இக்னைட்டருக்கு நேர், எதிர் வேறுபாடு இல்லை. ஆனால் எல்இடி விளக்கு உள்ள பெட்டியில் பேட்டரியின் முனை மாறினால் விளக்கு எரியாது.

புது வயரைப் பெட்டியின் துளைவழி நுழைத்ததும் உட்புறத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். யாராவது வயரில் கால் தடுக்கி இழுத்தால் இழுவிசை முடிச்சில் நிற்க வேண்டும், ஈயம் வைத்த இடத்துக்குப் போகக் கூடாது. துளை சிறியதாக இருந்தால் துளையைப் பெரிதாக்கி ரப்பர் வளையம் போடுங்கள். வயர் நுழைவதற்காக இழைகளில் பாதியை வெட்டிவிடாதீர்கள், அந்த ஓர் இடத்தில் மொத்த வயரும் மெலிந்ததாகிவிடும். இழைகளை முறுக்கி, முனையில் சுற்றி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடாக்கி இறுக்குங்கள். வெறுமனே முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

பெட்டியில் உள்ள சாவியையும் பொத்தானையும் எக்காரணத்துக்காகவும் நேர் இணைப்பாக்காதீர்கள். சாவி எடுத்திருக்கும்போது மின்சாரம் போகக் கூடாது. பொத்தானை விட்டவுடன் அது தானே அணைய வேண்டும். வயர் மாற்றிய பிறகும் இந்த இரண்டும் நடக்கின்றனவா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

வேலை முடிந்ததும் வயரைப் பெட்டியைச் சுற்றிக் கட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு சிறு ரீலில் தளர்வாகச் சுற்றுங்கள். ரீல் இல்லையென்றால் எட்டு வடிவில் மடித்துவைத்தாலும் முறுக்கு ஏறாது.

நூறு அடிக்கு அப்பால்

உயர்திறன் ராக்கெட்டுகளில் 'எச்' மோட்டாருக்கே 100 அடி, அதாவது 30 மீட்டர், தள்ளி நிற்க வேண்டும். அங்கே நேர் வயர் போட்டால் அரை ஓமுக்குள் இருக்க 14 கேஜ் வேண்டும். 30 மீட்டர் இரட்டை வயர் விலையும் அதிகம், சுமையும் அதிகம். இதற்கு நல்ல மாற்று, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சான ரிலே. பேட்டரியையும் ரிலேயையும் ஏவு மேடைக்கு அருகே வைத்துவிட்டால், பெரிய மின்னோட்டம் ஓரிரு மீட்டர் தடித்த வயரிலேயே ஓடி முடிந்துவிடும். உங்கள் கைப்பெட்டிக்கு வரும் நீண்ட வயர் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கினால் போதும். கார்களில் வரும் 12 வோல்ட் ரிலேக்கு ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. அதற்கு 20 கேஜ் தாராளம்.

ஆனால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பொத்தானைத் தொடாமலேயே கிளிப்பில் மின்சாரம் இருக்கும். இக்னைட்டரை மாட்டப் போகிறவரின் முகத்துக்கு நேரே மோட்டார் பற்றும். அதனால் மேடைக்கு அருகே பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும், கிளிப்பில் மின்சாரம் இருந்தால் கத்தும் பஸர் ஒன்றும் இல்லாமல் ரிலே முறைக்குப் போகாதீர்கள்.

மைதானத்துக்குப் போகும் முன்

சாதாரண மல்டிமீட்டர் ஓர் ஓமுக்குக் குறைந்த தடையைத் துல்லியமாகக் காட்டாது. வேறு வழி இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் புது வயரை இணைத்து, மறுமுனையில் காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். பல்ப் எரியும்போது பேட்டரியின் முனைகளில் எத்தனை வோல்ட், பல்பின் முனைகளில் எத்தனை வோல்ட் என்று அளந்து கழியுங்கள். 10 மீட்டர் 18 கேஜ் செம்பு வயரில் வித்தியாசம் 0.7 வோல்ட் அளவில் இருக்கும். அதைவிடக் கணிசமாகக் கூடினால் வயர் மெலிந்தது, அல்லது அலுமினியம், அல்லது எங்கோ இணைப்பு சரியில்லை. எந்த இடத்தில் குறை என்பதையும் இதே முறையில் துண்டு துண்டாக அளந்து கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக, மோட்டார் இல்லாமல் வெறும் இக்னைட்டரைத் தரையில் கல்லின்மேல் வைத்து, கண்ணாடி அணிந்து, வயரை முழு நீளத்துக்கு விரித்து, உங்கள் கன்ட்ரோலரிலிருந்தே பற்றவையுங்கள். பொத்தானை அழுத்தியவுடன் பளிச்சென்று பற்ற வேண்டும். ஒரு விநாடி யோசித்துவிட்டுப் பற்றினால் மின்னோட்டம் எல்லையோரத்தில் இருக்கிறது. அடுத்து, பாதி தீர்ந்த பேட்டரிகளைப் போட்டு இன்னொரு இக்னைட்டரைப் பற்றவைத்துப் பாருங்கள். அப்போதும் தயங்காமல் பற்றினால் அந்த வயர் தேறியது. இந்த இரண்டு இக்னைட்டர்களின் செலவுக்குத் தயங்காதீர்கள். கிளம்பாத ராக்கெட்டை நோக்கி ஒருவர் நடந்துபோக வேண்டிய ஒவ்வொரு தருணமும் ஆபத்துக்கு இடம் தருகிறது. நல்ல வயர் அந்த நடையைக் குறைக்கிறது.